காப்புக் கட்டிக்கொண்டு ஒளிந்தவன்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்கள் தலையில் முதலாண்டு வகுப்பைத்தான் கட்டுவார்கள். மூத்தவர்கள் யாரும் அதைத் தொட மாட்டார்கள், ஏதாவது சாக்குச் சொல்லி நழுவிவிடுவார்கள். நானும் அப்படி மாட்டிக்கொண்டவள்தான். பிறகு ஓய்வு பெறும்வரை அதை விட மனமில்லாமல் அதிலேயே கிடந்தேன். 'புதிதாகக் கல்லூரிக்கு வரும் பிள்ளைகளிடம் மன உறுதியை வளர்ப்பது எப்படி' என்று பேசும்படி உங்கள் துறைத் தலைவர் கேட்டிருக்கிறார். மன உறுதி என்ன, கீரைப் பாத்தியா, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றி வளர்க்க? அந்த மாதிரிப் பேச்செல்லாம் எனக்கு வராது. ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். அதிலிருந்து உங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளின் கடைசி அது. வேதியியல் விரிவுரையாளராகச் சேர்ந்து எனக்கு ஒரு வருடம்கூட ஆகவில்லை. தகுதிகாண் பருவம். பிரின்சிபால் நல்லதாக ஒரு வரி எழுதினால் வேலை நிலைக்கும், வேறு மாதிரி எழுதினால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அதனால் அவர் இருமினால்கூட எனக்குத் திக்கென்று இருக்கும். காஞ்சிபுரத்துப் பக்கத்துக் கல்லூரி. உத்திரமேரூர், மானாம்பதி, காவாந்தண்டலம், தாமல் என்று சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகள்தான் நிறைய. பள்ளி முழுக்கத் தமிழில் படித்துவிட்டு வருவார்கள். இங்கே வந்த முதல் நாளே எல்லாப் பாடமும் ஆங்கிலம். திருவிழாக் கூட்டத்தில் அம்மாவின் கையை விட்டுவிட்ட குழந்தைகள் மாதிரி முழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்டால்கூட எழுந்து நின்று பேந்தப் பேந்த விழிப்பார்கள்.

அவர்களில் ஒருவன் ஏழுமலை. மானாம்பதியிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு சின்ன ஊர். நல்ல உயரம், ஒல்லி. அப்பா குத்தகைக்கு நிலம் எடுத்துப் பயிர் வைப்பவர். அந்தக் குடும்பத்தில் மட்டுமல்ல, அவன் தெருவிலேயே கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவன்தான். விடுதியில் இடம் கிடைத்துத் தங்கியிருந்தான். அவன் வகுப்புக்கு ஆலோசகர் நான்.

வகுப்பு தொடங்கிய புதிதில் எங்கள் ஆங்கில விரிவுரையாளர் எல்லாரையும் ஒவ்வொருவராக எழுந்து நின்று தங்களைப் பற்றி ஆங்கிலத்தில் நான்கு வார்த்தை பேசச் சொன்னார். நல்ல மனிதர் அவர். வாய் மட்டும் கொஞ்சம் காரம். ஏழுமலையின் முறை வந்தது. எழுந்தான். பேச்சு வரவில்லை. "சொல்ற வரைக்கும் உட்காரக் கூடாது" என்று சொல்லிவிட்டு அவர் பாடத்தைத் தொடங்கிவிட்டார். மணி அடிக்கும்வரை அவன் நின்றான். மறுநாளும் அதே கதை. அதற்குள் பையன்கள் பெயர் வைத்துவிட்டார்கள். 'லைட்டுக் கம்பம்'. விடுதியில் தட்டை எடுத்துக்கொண்டு வரிசைக்கு வந்தால், "வழி விடுங்கடா, கம்பம் வருது" என்பார்களாம். அவன் அந்த வெள்ளிக்கிழமை ஊருக்குப் போனான். திங்கட்கிழமை வரவில்லை. செவ்வாயும் வரவில்லை.

காவாந்தண்டலத்துப் பையன் ஒருவன்தான் விஷயத்தைக் கொண்டுவந்தான். "அவனுக்குக் காப்புக் கட்டிட்டாங்க மேடம். ஊர்ல ஆடித் தீமிதி. இனிமே நெருப்புல எறங்கி காப்ப அவுக்கற வரைக்கும் ஊரு எல்லைய தாண்ட மாட்டான்."

காப்பு என்றால் உங்களில் பட்டணத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்கலாம். மஞ்சள் தோய்த்த நூலை மணிக்கட்டில் கட்டுவார்கள். கட்டிவிட்டால் தீமிதி முடிகிறவரை அந்த ஆள் அம்மனுக்குச் சொந்தம். மஞ்சள் வேட்டி, வெறுங்கால், ஒருவேளைச் சாப்பாடு, கோயிலிலேயே படுக்கை.

பிரின்சிபாலிடம் போய்ச் சொன்னேன். அவருக்கு அம்மனும் தெரியாது, ஆடியும் தெரியாது. சேர்க்கை முடியும் நேரம் அது. தாமலிலிருந்து ஒருவர் மகனையும் கூட்டிக்கொண்டு தினமும் வந்து எங்கள் அலுவலக வராந்தாவில் நிற்பார், ஓர் இடம் காலியாகாதா என்று. அவர்களைக் கையால் காட்டி, "பாருங்க, அந்தப் பையன் வரேன்னு நிக்கிறான். உங்க பையன் வர மாட்டேங்கறான். திங்கட்கிழமை முதல் வகுப்பில் வருகை எடுக்கும்போது அவன் இல்லேன்னா பேரை எடுத்துடுவேன்" என்றார். "நான் போய்ப் பார்த்துட்டு வரட்டுமா சார்?" என்று கேட்டேன். "அது உங்க வேலை இல்லை. போறதுன்னா உங்க பொறுப்பு" என்றார். அவர் குரலில் கோபமில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

சனிக்கிழமை வந்தவாசி பஸ்ஸில் ஏறிவிட்டேன். எதற்காகப் போகிறேன், போய் என்ன சொல்லப் போகிறேன், ஒன்றும் தெரியாது. மானாம்பதியில் இறங்கி வழி கேட்டுக் கேட்டு நடந்தேன். ஏழுமலையின் அப்பா வீட்டுமுன் தொட்டியில் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார். நான் யாரென்று சொன்னதும் கையை இடுப்புத் துண்டில் துடைத்துக்கொண்டு ஓடிவந்தார்.

"வாங்க டீச்சரம்மா, குந்துங்க. அவன் கோயில்ல கீறான். காப்பு கட்டினதுலேர்ந்து வூட்டுப்பக்கமே வர்றதில்ல."

"திங்கட்கிழமை அவன் வரலைன்னா இடம் போயிடும். நீங்க சொன்னா கேக்க மாட்டானா?"

அவர் முகம் வெளுத்துவிட்டது. "நா இன்னாம்மா சொல்றது? காப்பு கட்டின கைய புடிச்சி இஸ்துகினு வர முடியுமா? ஒரு அதட்டு அதட்டக்கூட முடியல. அவன திட்டினா ஆத்தாவ திட்டினா மாதிரி. பெத்த புள்ளைய நானே 'சாமி, சாமி'ன்னு கூப்புட்டுக்கினு கீறேன், போங்க!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. ஆனால் உடனே அந்தச் சிரிப்பு அடங்கி, அவர் கண் கலங்கிவிட்டது. "ராவெல்லாம் கண்ணு முழிச்சி மோட்டார்ல தண்ணி கட்டி படிக்க வெச்சேம்மா. எடம் போயிடுமா?" என்று மறுபடியும் மறுபடியும் கேட்டார்.

அவன் அம்மா, கோயிலுக்கு வழி காட்டுகிறேன் என்று என்னோடு நடந்து வந்து, யாருமில்லாத இடத்தில் என் கையைப் பிடித்தார். "நாங்க ஒண்ணும் நேந்துக்கலம்மா. காப்பு கட்டற அன்னிக்கி நேந்துக்கினவங்க வரிசையா நின்னாங்க. இவன் சும்மா வேடிக்க பாத்துக்கினு இருந்தான். திடீர்னு போயி கைய நீட்டிட்டான். அங்க எதுனா தப்பு பண்ணிட்டானா? எங்கிட்ட சொல்லிடும்மா."

"ஒரு தப்பும் பண்ணலைம்மா" என்றேன். வேறு என்ன சொல்வது?

கோயிலுக்கு முன்னால் தீமிதிக்கு விறகு அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மஞ்சள் வேட்டி கட்டிய இளவட்டங்கள் ஏழெட்டுப் பேர். அதில் ஒரு குரல் மட்டும் உச்சத்தில் கேட்டது. "டேய் பச்சையப்பா, பெரிய கட்டய அடியில போடுடா! மூளைய வூட்லியே வெச்சிட்டு வந்தியா?" அந்தப் பச்சையப்பன், குட்டையான கறுத்த பையன், "ஆமாண்டா, காலேஜு மூளய நீ வெச்சிக்கினு கீறியே, போதும்!" என்று திருப்பிக் கொடுத்தான். எல்லாரும் சிரித்தார்கள். உயரமாக நின்று அதட்டிக்கொண்டிருந்தவன் ஏழுமலை. எனக்கு நம்பவே முடியவில்லை. எங்கள் வகுப்பில் அவனுடைய குரல் எப்படி இருக்கும் என்றே யாருக்கும் தெரியாது.

திரும்பினான். என்னைப் பார்த்தான். அந்த நிமிடமே வாய் மூடிக்கொண்டது, கை இரண்டும் தொங்கின, கண் தரைக்குப் போனது. வகுப்பில் எப்படி நிற்பானோ அதே நிற்பு.

தனியாகக் கூப்பிட்டுப் பேசினேன். முதலில், "காப்பு கட்டிக்கினேன் மேடம், எல்லைய தாண்டக்கூடாது" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான். "யாரும் நேர்ந்துக்கலைன்னு அம்மா சொன்னாங்களே" என்றேன். மணிக்கட்டு நூலைத் திருகினான். பிறகு மெல்லச் சொன்னான்.

"காலேஜிக்கிப் போவ மாட்டேன்னு சொன்னா நைனா உசிர வுட்டுடுவாரு மேடம். காப்பு கட்டிக்கினா ஒத்தரும் ஒண்ணும் கேக்க முடியாது. இத அவுக்கறதுக்குள்ள எடம் போயிடும். சாமி காரியத்துல போயிடுச்சின்னு வுட்டுடுவாங்க. நா ஓடியாந்தேன்னு ஒத்தருக்கும் தெரியாது."

பயத்தில் நடுங்குகிற பிள்ளைக்கு மூளை எப்படி வேலை செய்கிறது பாருங்கள்! அடிக்கவோ திட்டவோ யாரும் நெருங்க முடியாத இடத்தில் போய் ஒளிந்துகொண்டிருக்கிறான். ஆனால் நான் அப்போது இதையெல்லாம் யோசிக்கவில்லை. உங்களுக்கு இப்போது என்ன தோன்றுகிறதோ அதைத்தான் நானும் சொன்னேன். "ஏம்பா, நெருப்பில இறங்கப் போறவன் நீ. நாலு வார்த்தை இங்கிலீஷுக்கா பயப்படறே?" சொல்லும்போது எனக்கே பெருமையாக இருந்தது, என்னமாய்ப் பேசிவிட்டோம் என்று.

அவன் முதல்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தான். "நெருப்புல எறங்கறதுல இன்னா மேடம் பயம்? முன்னாடி பூசாரி போவாரு. பின்னாடியே பச்சையப்பன் வருவான். காலு சுட்டுட்டா ஒத்தனும் சிரிக்க மாட்டான், நாலு பேரு ஓடியாந்து தூக்கிக்குவாங்க. தனியா யாரும் எறங்கறதில்ல மேடம். அங்க கெளாசுல நா மட்டும்தான் நின்னேன். அத்தினி பேரு கீறாங்களே, ஒத்தராவது 'உக்காருடா'ன்னு சொன்னாங்களா?"

என் பேச்சு அதோடு சரி. பிள்ளைகளிடம் வீர வசனம் பேசப் போகிறவர்கள் இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. அப்பாவும் வந்து சேர்ந்திருந்தார். பூசாரி வயசானவர், கரகரத்த குரல். "டீச்சரம்மா பட்ணத்துலேர்ந்து வந்துகிறாங்க. இன்னா சமாச்சாரம்? புள்ள இன்னா சொல்றான்?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். அத்தனை முகமும் என்னைப் பார்த்தன. ஏழுமலை முகத்தில் ரத்தமே இல்லை.

உண்மையைச் சொன்னால் பொய்க் காப்பு என்று அங்கேயே அறுத்துவிடுவார்கள். பையன் திங்கட்கிழமை கல்லூரிக்கு வந்துவிடுவான், ஆனால் அந்த ஊரில் பிறகு அவன் தலை நிமிர முடியாது. அங்கேயும் கூனிக் குறுகி, இங்கேயும் கூனிக் குறுகி, அவன் எங்கே போவான்? ஒன்றும் சொல்லாமல் திரும்பினால் இடம் போச்சு, அவன் திட்டம் பலித்துவிடும். அவனுக்கு நான் எந்தச் சத்தியமும் செய்து கொடுக்கவில்லைதான். ஆனாலும் அவன் சொன்னதை வெளியே சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"அவன் காப்புக்கு ஒரு குறையும் வரக் கூடாதுங்கறான். அதுதான் எனக்கும் வேணும்" என்று ஆரம்பித்தேன். பிறகு, "காப்புக் கட்டினவங்க பகல்லகூட எல்லையைத் தாண்டக் கூடாதா, ஐயா?" என்று பூசாரியிடம் கேட்டேன்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "யாரு சொன்னது? ராத்தங்கக் கூடாது, அவ்ளோதான். கழனிக்கிப் போறவன் போறான், ஆஸ்பத்திரிக்கிப் போறவன் போறான். வெளக்கு வெக்கறதுக்கு முன்னாடி எல்லைக்குள்ள வந்துடணும். வெளிய கை நனைக்கக் கூடாது, பச்சத் தண்ணிகூட குடிக்கக் கூடாது. வேட்டி, வெறுங்காலு, இதே கோலத்துல போயி இதே கோலத்துல வரணும். சட்ட போடக் கூடாது, துண்டுதான்."

"அப்போ காலேஜுக்குப் போகலாமா?"

"படிப்புதானே? தாராளமா போவட்டும்."

அவன் அப்பா கை இரண்டையும் தலைக்குமேல் கூப்பிவிட்டார். "திங்கக்கெழம காலீல மொத பஸ்ஸுல அனுப்பிடறேன் டீச்சரம்மா!" எல்லாருக்கும் ஒரே சந்தோஷம். ஏழுமலையைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. பேண்ட் சட்டையில் வந்து நின்றதற்கே சிரித்த வகுப்புக்குள் இப்போது அவன் மஞ்சள் வேட்டியும் வெற்று மார்புமாகப் போக வேண்டும். ஒளிந்திருந்த இடத்தின் கூரையையே பிய்த்துவிட்டேன் நான். தெரிந்துதான் செய்தேன்.

பஸ்ஸுக்கு என்னைக் கொண்டுவிட அவனும் பச்சையப்பனும் வந்தார்கள். வழியில் அவன் சொன்னான், "இதுக்கு என் பேர எடுத்தே இருக்கலாம் மேடம்."

"நான் வகுப்பு வாசல்லயே நிக்கறேன். பயப்படாதே."

"நீங்க நின்னா இன்னும் சிரிப்பாங்க மேடம்."

அதுவும் உண்மைதான். வாத்தியாரம்மா கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள் என்று இன்னொரு பெயர் வைப்பார்கள். பச்சையப்பன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "இன்னாடா பேஜார் பண்ற? காலேஜுல இன்னா, புலி கீதா?" என்றான். பஸ் வந்தது. வருவானா, வரமாட்டானா என்று தெரியாமல் ஏறினேன்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. வேறெங்காவது ஓடிவிட்டால்? ஏதாவது செய்துகொண்டுவிட்டால்? யாருமற்ற கிணறுகள் அந்தப் பக்கம் எத்தனை இருக்கின்றன என்று மனசு தானாகப் போகும். அதட்டி இழுத்து வைப்பேன். மறுபடியும் போகும்.

திங்கட்கிழமை காலையில் சீக்கிரமே போய்க் கேட்டருகில் நின்றேன். முதல் பஸ் வரும் நேரம் தாண்டிவிட்டது. வராந்தாவில் தாமல்காரரும் மகனும் தலையைப் படிய வாரிக்கொண்டு தயாராக நின்றார்கள். வகுப்புக்குப் போக முதல் மணி அடித்தது. என் காதில் அது விழுந்த விதமே வேறு. முடிந்தது என்று நான் திரும்பும்போதுதான் வாட்ச்மேன் கத்துவது கேட்டது. "யாருப்பா நீங்கள்லாம்? கோயிலு அந்தப் பக்கம்!"

ரோட்டிலிருந்து மஞ்சள் வேட்டிகள் வந்துகொண்டிருந்தன. ஒன்றல்ல, அங்கே விறகு அடுக்கிக்கொண்டிருந்த அத்தனை பேரும். பச்சையப்பன் முன்னால், நடுவில் ஏழுமலை, பின்னால் மற்றவர்கள். எல்லாரும் வெறுங்கால், எல்லார் கையிலும் வேப்பிலை. வகுப்பு ஜன்னல்களில் தலைகள் முளைத்தன. விசில் பறந்தது. பச்சையப்பன் எதையும் கண்டுகொள்ளவில்லை. நேராக என்னிடம் வந்து, "எந்த ரூமு டீச்சரம்மா? உள்ள வுட்டுட்டு நாங்க இப்படி மரத்தடியில குந்திக்கறோம். வெளக்கு வெக்கறதுக்குள்ள இட்டுக்கினு போவணும், பூசாரி சொல்லிட்டாரு" என்றான்.

வகுப்பு வாசல் வரைக்கும் அதே வரிசையில் போனார்கள். ஏழுமலை உள்ளே நுழைந்தான். மற்றவர்கள் திரும்பி வந்து, ஜன்னலுக்கு நேரே இருந்த புங்கமரத்தடியில் உட்கார்ந்துகொண்டார்கள்.

பிரின்சிபால் வந்துவிட்டார். "என்னம்மா இது? காலேஜா, கோயிலா? அவங்களை வெளியே அனுப்புங்க."

"அவங்க போனா அவனும் போயிடுவான் சார்."

"நான் சொல்றது கேக்குதா?"

கேட்டது. என் வேலை போகும் சத்தமும் சேர்ந்து கேட்டது. "இந்த ஒரு வகுப்பு மட்டும் சார். அதுக்கப்புறம் நீங்க என்னை என்ன செய்யணுமோ செய்யுங்க" என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். அவர் போகவில்லை. இரண்டு பேரும் வராந்தாவில் நின்று பார்த்தோம்.

முதல் வகுப்பு ஆங்கிலம். விரிவுரையாளர் வருகை எடுத்துக்கொண்டே வந்தார். "ஏழுமலை." அவன் எழுந்தான். வெற்று மார்பும் துண்டுமாக நின்றான். வாய் திறக்கவில்லை. கடைசி பெஞ்சிலிருந்து யாரோ, "கம்பத்துக்கு மஞ்ச பெயிண்ட் அடிச்சிட்டாங்கடா" என்றான். வகுப்பே சிரித்தது. அவன் தலை தாழ்ந்தது. எனக்குக் கண்ணை மூடிக்கொள்ளலாம் போல இருந்தது.

மரத்தடியிலிருந்தவர்களுக்கு அவன் எழுந்து நிற்பது மட்டும் ஜன்னல் வழியே தெரிந்திருக்கிறது. காப்புக் கட்டிய கூட்டத்தில் ஒருவன் எழுந்தால் எல்லாரும் எழுந்துவிடுவது வழக்கமாம், பூசாரி கூப்பிடுகிறார் என்று அர்த்தம். அத்தனை பேரும் சடாரென்று எழுந்து வேட்டியை இறுக்கிக்கொண்டு நின்றார்கள். பச்சையப்பன் அங்கிருந்தே உரக்கக் கூப்பிட்டான். "ஏழுமல! இன்னாடா, கெளம்பலாமா?"

ஏழுமலை வெளியே பார்த்தான். தயாராக நிற்கும் அந்தக் கூட்டத்தைப் பார்த்தான். அவனுக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. "டேய், குந்துங்கடா! பேருதான் கூப்புடறாங்க!" என்று கத்தினான். கோயில் முன்னால் கேட்ட அதே குரல், ஓட்டுக் கூரை அதிர்ந்தது. வகுப்பு மறுபடியும் சிரித்தது. இந்தத் தடவை அவனும் சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தான். அப்படியே விரிவுரையாளர் பக்கம் திரும்பி, "பிரசண்ட் சார்" என்றான்.

அவர் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "உக்காருப்பா" என்றார்.

பிரின்சிபால் என்னிடம், "நாளைக்கும் இந்த ஊர்வலம் உண்டா?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போனார். வேலையிலிருந்து என்னை அனுப்பவில்லை. தாமல்காரர் மகனைக் கூட்டிக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனதையும் பார்த்தேன். அந்தப் பையன் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். சந்தோஷமாக இருக்க வேண்டிய நேரத்தில் எனக்கு முழுச் சந்தோஷம் வரவில்லை.

அதோடு ஏழுமலைக்குப் பயம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். மறுநாளிலிருந்து அவன் தனியாகத்தான் வந்தான், நடவு நேரத்தில் மற்றவர்களுக்கு வேலை இருந்தது. உள்ளே நுழையும்போது முகம் பேயறைந்த மாதிரிதான் இருக்கும். தீமிதி முடிந்து விடுதிக்குத் திரும்பிய பிறகும் பரீட்சை வந்தால் வாந்தி எடுப்பான். முதல் வருடம் ஆங்கிலத்தில் தோற்றான். எழுதி எழுதித்தான் தேறினான். 'கம்பம்' என்ற பெயரும் போகவில்லை, கடைசி வருடத்தில் அவனே அதைச் சொல்லித் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வான். ஆனால் அதற்குப் பிறகு ஓடவில்லை.

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் ஏழுமலை விடுதியிலிருந்து புத்தகம் எடுத்து வரும்வரை, பச்சையப்பன் கூட்டத்தோடு பஸ்ஸுக்காக நானும் நின்றேன். பகல் முழுக்கப் பச்சைத் தண்ணீர்கூட வெளியே குடிக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். பச்சையப்பனிடம், "ரொம்ப அலுப்பா இருந்துதாப்பா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் இல்ல டீச்சரம்மா. பாடம் காதுல வுழுந்துக்கினேதான் இருந்திச்சி, ஒண்ணும் புரியல" என்று சிரித்தான். "நானும் இஸ்கோலு போனவன்தான். அஞ்சாவதுல கணக்கு வரலன்னு வாத்தியாரு வெளிய நிக்க வெச்சாரு. மறுநாளு நா போவல."

"வீட்ல ஒண்ணும் சொல்லலையா?"

"மாடு மேய்க்க ஆளு ஆச்சின்னு வுட்டுட்டாங்க." வேப்பிலையை உருவிக்கொண்டே சொன்னான். "நாந்தான் கொஞ்ச நாளு மாட்ட ரோட்டாண்டயே மேய்ச்சிக்கினு கெடந்தேன். வாத்தியாரு சைக்கிள்ல அந்தப் பக்கந்தான் போவாரு. ஏண்டா வரலன்னு ஒரு வார்த்த கேட்டாருன்னா போலாம்னு. தெனம் போவாரு, வருவாரு. கேக்கல."

அவன் குரலில் கோபம் துளியும் இல்லை. ஏழுமலை புத்தகத்தோடு வந்து சேர்ந்தான். பஸ் வந்தது. "வெளக்கு வெக்கறதுக்குள்ள போயிடலாமில்ல?" என்று கண்டக்டரிடம் கேட்டுக்கொண்டே ஏறினான். நான் அங்கேயே நின்றேன். அழுகையை அடக்க முடியவில்லை, ரோடு என்றும் பார்க்கவில்லை.

நாளைக்கு நீங்கள் வருகை எடுப்பீர்கள். ஒரு பெயருக்குப் பதில் வராது. அடுத்த பெயருக்குப் போய்விடாதீர்கள். அந்தப் பிள்ளை எங்கேயோ ரோட்டோரமாக, நீங்கள் வருவீர்களா என்று பார்த்துக்கொண்டிருக்கும்.